அறிவியல் புனைகதை எங்கே பிறந்தது, ஃபேன்டஸியிலிருந்து எங்கே பிரிகிறது?

அறிவியல் புனைகதையைத் தொடங்கிவைத்தவர் யார், ஃபேன்டஸியிலிருந்து அது எந்த இடத்தில் பிரிகிறது, ராக்கெட் வந்தால் ஒன்று, டிராகன் வந்தால் மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் போதாதா என்பது கேள்வி. பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதைத் தேடுகிறோம் என்று முடிவாகாமல் அது எங்கே பிறந்தது என்று காட்ட முடியாது.

பொருளை வைத்துப் பிரிப்பது ரொம்ப தூரம் வராது. 1967 அக்டோபரில் அமெரிக்காவின் 'அனலாக்' இதழில் ஆன் மெக்காஃப்ரி எழுதிய டிராகன் கதை ஒன்று வெளியானது. அறிவியலில் கறாராக இருப்பதற்குப் பேர்போன பத்திரிகை அது. அந்தக் கதை அடுத்த ஆண்டு, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. அந்த டிராகன்கள் வேற்றுக் கோளில் குடியேறிய மனிதர்கள் அங்கிருந்த சின்னப் பல்லியினத்திலிருந்து மரபணு மாற்றி உருவாக்கியவை என்று பின்னால் வந்த நாவல்களில் விளக்கம் வருகிறது. இந்தப் பக்கம், 1977-ல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் விண்கலங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கதையைத் தாங்குவது வாள், குரு, வம்சம், 'ஃபோர்ஸ்' என்கிற அருட்சக்தி. 1999-ல் வந்த படத்தில் அந்தச் சக்திக்கு ரத்தத்தில் உள்ள நுண்ணுயிர்கள் காரணம் என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ரசிகர்களில் பலருக்குக் கோபம் வந்துவிட்டது. டிராகனுக்கு விளக்கம் கிடைத்தபோது மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம், விண்வெளிப் படத்தில் விளக்கம் கிடைத்ததும் வருந்தியவர்கள் மறு பக்கம். எதைப் படிக்கிறோம், எதைப் பார்க்கிறோம் என்பது இரு தரப்புக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கிறது.

என் முடிவு இது: என்ன அற்புதம் நடக்கிறது என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நடந்த அற்புதத்துக்கு நாம் வாழும் இந்த உலகத்தின் விதிகளின்படி பதில் சொல்லும் பொறுப்பைக் கதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் அறிவியல் புனைகதை. பதில் தவறாக இருக்கலாம், அரைகுறையாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

ஒரே அற்புதத்தை இரண்டு பேர் கையாண்ட விதத்தைப் பார்க்கலாம். மறைந்துபோவது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் லிடியா நாட்டு இடையன் ஒருவனின் கதை வருகிறது. நிலநடுக்கத்தில் பூமி பிளக்கிறது, உள்ளே இறங்குகிறான். வெண்கலக் குதிரை ஒன்று, அதன் வயிற்றுக்குள் பிணம், பிணத்தின் விரலில் மோதிரம். மோதிரத்தின் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் ஆள் மறைவான், வெளியே திருப்பினால் தெரிவான். அரண்மனைக்குள் புகுந்து, அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். மோதிரம் எப்படி வேலை செய்கிறது என்று பிளேட்டோ ஒரு வரிகூடச் சொல்லவில்லை. உடுத்திய துணி ஏன் சேர்ந்து மறைகிறது என்று நாமும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அகப்படமாட்டோம் என்று உறுதியானால் மனிதன் நேர்மையாக இருப்பானா என்பதுதான் அங்கே விஷயம்.

எச். ஜி. வெல்ஸ் 1897-ல் வெளியிட்ட 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலில் கிரிஃபின் என்ற இளம் விஞ்ஞானி மறைகிறான். எப்படி மறைந்தேன் என்று தன் பழைய கல்லூரித் தோழரான டாக்டர் கெம்பிடம் பக்கம் பக்கமாக விளக்குகிறான். ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஒளியை விழுங்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது வளைக்க வேண்டும். கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறது. அதே பொடியைத் தண்ணீரில் போட்டால் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது, ஏனென்றால் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் அருகருகே இருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் எண்ணெய் தடவினால் ஊடுருவித் தெரிகிறது. மனித உடம்பின் நார்களும் பெரும்பாலும் நிறமற்றவை. அவற்றின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்கிறான்.

அதற்கப்புறம்தான் வெல்ஸ் உண்மையில் வேலையைத் தொடங்குகிறார். மறைவது உடம்புதான், துணி மறையாது. ஆகவே லண்டனின் ஜனவரிக் குளிரில் கிரிஃபின் அம்மணமாக அலைகிறான். சாப்பிட்ட சோறு செரிக்கும்வரை வயிற்றுக்குள் வெளியே தெரியும். சேற்றில் மிதித்த காலடித் தடம் தானாக நகர்வதைப் பார்த்துத் தெருப்பையன்கள் துரத்துகிறார்கள். மழை பெய்தால் உருவம் பளபளக்கும், பனி விழுந்தால் மேலே படியும். நாய் மோப்பம் பிடித்துவிடுகிறது. கண்ணை மூடினாலும் வெளிச்சம் போகாது, இமையும் கண்ணாடிபோல் ஆகிவிட்டதே! முதலில் பூனை ஒன்றை மறைத்துப் பார்த்தபோது, நகமும் கண்ணின் பின்புறமுள்ள நிறப்படலமும் மட்டும் மறையாமல் நின்றன என்றுகூட எழுதுகிறார். ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய் உண்மையானால் என்னென்ன நடக்கும் என்று நாணயமாகப் பின்தொடர்கிறார். விழித்திரையும் ஒளியை விழுங்காமல் விட்டுவிட்டால் கிரிஃபின் குருடனாக அல்லவா இருக்க வேண்டும் என்று வாசகர்கள் வெகுகாலமாகக் கேட்டுவருகிறார்கள். சரியான கேள்வி. வெல்ஸிடம் இதைக் கேட்கலாம். பிளேட்டோவிடம் கேட்டால் அது அறியாமை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடையனின் மோதிரத்தைத் திருடலாம், ஆனால் அதுபோல் இன்னொன்று செய்யக் கற்றுக்கொள்ள வழியில்லை. கிரிஃபினுடைய ரகசியம் மூன்று குறிப்பேடுகளில் இருக்கிறது. அவன் செத்த பிறகும் அவை இருக்கின்றன. விடுதிக்காரர் ஒருவர் அவற்றை ஒளித்துவைத்துப் புரியாமல் புரட்டிக்கொண்டிருக்கிறார், கெம்ப் தேடிக்கொண்டிருக்கிறார். கணிதம் தெரிந்த யார் கையில் கிடைத்தாலும் இன்னொரு கிரிஃபின் வரலாம். யார் வேண்டுமானாலும் கற்றுச் செய்யலாம் என்பது அறிவியல் புனைகதையின் பயமும் அதன் நம்பிக்கையும்.

அப்படியானால் ஃபேன்டஸியில் விதிகளே இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன. ஃபேன்டஸி எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதை அழகாகச் சொன்னார். பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம். அந்தப் பச்சைச் சூரியன் நம்பும்படி இருக்கிற உலகம் ஒன்றைப் படைப்பதற்குத்தான் உழைப்பும் திறமையும் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆக, ஃபேன்டஸி உலகம் தனக்குத் தானே முரண்படாமல் இருக்க வேண்டும். ஆனால் நம் உலகத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது.

அங்கே விதிகளின் குணமும் வேறு. அவை ஆளைப் பார்க்கும். பெயர், பிறப்பு, சொன்ன சொல், செய்த தவம், மனத்தூய்மை எல்லாவற்றுக்கும் அங்கே இயற்கை செவிசாய்க்கும். இதற்கு நம்மிடமே மிகச் சிறந்த சான்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரிக்கும்போது தீக்கடவுளிடம் இடும் கட்டளை: 'பார்ப்பார் அறவோர் பசுப் பத்தினிப் பெண்டிர் மூத்தோர் குழவி எனும் இவரைக் கைவிட்டு' தீயவர் பக்கமே சேர்க. அந்த நெருப்புக்கு யார் பத்தினி, யார் குழந்தை, யார் தீயவர் என்று தெரியும். தெரிந்துதான் எரிக்கிறது. சிலம்பு ஃபேன்டஸி நாவல் இல்லை. அதை முதலில் கேட்டவர்களுக்கு அது நம்பிக்கையும் வரலாறும். ஆனால் இன்றைய ஃபேன்டஸி தன் உலகத்தைக் கட்டுவது இந்தத் தர்க்கத்தை வைத்துத்தான்.

இதற்கு நேர் எதிரில் வைக்க வேண்டிய கதை, 1954 ஆகஸ்டில் 'அஸ்டௌண்டிங்' இதழில் டாம் காட்வின் எழுதியது. தொலைதூரக் கோளில் காய்ச்சலில் கிடக்கும் சிலருக்கு மருந்து கொண்டுபோகும் சிறு விண்கலம். ஓட்டுநர் ஒருவருக்கு மட்டும் எரிபொருள் கணக்கிட்டு நிரப்பியிருக்கிறார்கள். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு இளம்பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறாள். அவள் எடையோடு கலம் தரையிறங்க முடியாது. இறங்காவிட்டால் மருந்துக்குக் காத்திருப்பவர்கள் சாவார்கள், ஓட்டுநர் சாவார், அவளும் சாவாள். அவள் நல்லவள், அறியாதவள், யாருக்கும் தீங்கு நினைக்காதவள். எரிபொருளுக்கு அது தெரியாது. அவள் கலத்தை விட்டு வெளியேறிச் சாக வேண்டியதுதான். காட்வின் அவளைக் காப்பாற்றும் விதமாகவே திரும்பத் திரும்ப எழுதிவர, ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

அந்தக் கதையின் மேல் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. கொஞ்சம்கூடக் கூடுதல் எரிபொருள் வைக்காமல் எந்தப் பொறியாளர் கலத்தை அனுப்புவார்? கதவைப் பூட்டியிருக்கக் கூடாதா? நாற்காலியைக் கழற்றி வெளியே எறிந்தால் என்ன? அவளைக் கொன்றது இயற்பியல் விதி இல்லை, பொறுப்பில்லாத நிர்வாகம் என்று வாதாடுபவர்கள் பலர். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. ஆனால் இப்படி வாதாட முடிகிறது என்பதே இந்த வகைக் கதையின் அடையாளம். வாசகருக்கு இங்கே தணிக்கை செய்யும் உரிமை உண்டு.

சரி, இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது? இரண்டாம் நூற்றாண்டில் சமோசட்டா ஊரைச் சேர்ந்த லூசியன் கிரேக்கத்தில் எழுதிய கதையில் சூறாவளி ஒன்று கப்பலைத் தூக்கிச் சந்திரனில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சந்திர ராஜாவும் சூரிய ராஜாவும் விடிவெள்ளியில் குடியேறும் உரிமைக்காகப் போரிடுகிறார்கள். விண்வெளிப் போர் என்று சொல்லி இதை முதல் அறிவியல் புனைகதை என்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. நான் சொல்வது அத்தனையும் பொய் என்று லூசியனே தொடக்கத்தில் எழுதிவிடுகிறார். பயணக்கதை என்ற பெயரில் புளுகியவர்களைக் கேலி செய்வதுதான் அவர் வேலை.

நம் ஊரில் உடனே புஷ்பக விமானம் பேச்சுக்கு வரும். நினைத்த இடத்துக்குப் போகும், எத்தனை பேர் ஏறினாலும் இடம் கொடுக்கும் ஊர்தி அது; கண்ணகியின் தீயைப் போலவே சொல் கேட்கும் பொருள். என்னைக் கேட்டால், அதைவிடச் சீவக சிந்தாமணியின் மயிற்பொறிதான் இந்தப் பேச்சுக்கு உரியது. சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்தக் காப்பியத்தில், கட்டியங்காரன் சதிசெய்து அரண்மனையை வளைத்தபோது, கருவுற்றிருந்த அரசி விசயையை மன்னன் சச்சந்தன் பறக்கும் மயில் ஒன்றில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு என்று திருத்தக்கதேவர் பொருள்களைப் பட்டியலிடுகிறார். தச்சன் ஏழு நாளில் செய்து முடிக்கிறான். வலப்பக்கம் திருகினால் மேலே எழும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். அரசி அதை ஓட்டப் பழகிக்கொள்கிறாள். தப்பிப் பறந்தபின் பொறி சுடுகாட்டில் இறங்க, சீவகன் அங்கே பிறக்கிறான். மந்திரம் இல்லை, வரம் இல்லை. கைவினைஞனும் பொருள்களும் பயிற்சியும் இருக்கின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும் இடம் இது. ஆனாலும் அரக்கும் மெழுகும் சேர்ந்தால் ஏன் மேலே எழும் என்ற கேள்வி அங்கே பிறக்கவில்லை. அரசியைக் காப்பாற்றியதோடு பொறியின் வேலை முடிந்துவிடுகிறது. அதே தச்சன் நூறு மயில் செய்தால் கோட்டை மதில் எதற்கு, கட்டியங்காரன் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. இயற்கைக்கு எங்கும் எப்போதும் மாறாத விதிகள் உண்டு, அவற்றைக் கணக்கில் எழுதலாம் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றிய பிறகுதான் அந்த யோசனை வர முடியும்.

அந்த எண்ணம் வந்துகொண்டிருந்த நேரத்தில், அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரே எழுதிய கதை இருக்கிறது. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்ட யோகான்னஸ் கெப்ளர், 1609 வாக்கில் 'கனவு' என்ற பெயரில் லத்தீனில் எழுதியது. ஐஸ்லாந்துச் சிறுவன் ஒருவன். மூலிகை விற்கும் அவன் தாய் ஆவிகளோடு பேசுபவள். ஆவி ஒன்று சந்திரனுக்குப் போகும் வழியை விவரிக்கிறது. பயணத்துக்கு ஏற்பாடு செய்வது ஆவிதான், ஆனால் பயணம் அப்படியே இயற்பியல். கிளம்பும்போது வெடிமருந்து வெடித்தாற்போல் அதிர்ச்சி இருக்கும், அதனால் ஆளுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கைகால்களை ஒழுங்காக வைக்க வேண்டும். குளிருக்கும் மூச்சுத்திணறலுக்கும் மூக்கில் ஈரப் பஞ்சு. பாதி வழிக்குமேல் உடம்பு தானாகவே போய்க்கொண்டிருக்கும். சந்திரனில் பகல் ஏறத்தாழ 14 நாள், இரவு 14 நாள். நம்மைப் பார்த்த பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பூமி வானத்தில் ஒரே இடத்தில் நின்றபடி வளர்ந்து தேயும். மறுபக்கத்தில் இருப்பவர்கள் பூமியைப் பார்க்கவே மாட்டார்கள். அத்தனையும் சரி! பூமியிலிருந்து கிளம்பாமலே, கணக்கைக் கொண்டு மட்டும், சந்திரத் தரையில் நின்று வானத்தைப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கதைக்கு அவர் குடும்பம் கொடுத்த விலை பெரிது. 1615-ல் கெப்ளரின் தாய் கத்தரீனா மீது சூனியக்காரி என்று குற்றம் சாட்டினார்கள். கையெழுத்துப் பிரதி வெளியே போய், கதையில் வரும் தாயைப் பற்றிய பேச்சு ஊரில் பரவியதும் இதற்கு ஒரு காரணம் என்று கெப்ளர் நம்பினார். தாய்க்காக அவரே வாதாடினார். சிறையிலிருந்து தாய் விடுபட்டது 1621-ல். அதன் பின் கெப்ளர் அந்தச் சிறிய கதைக்கு 223 குறிப்புகள் எழுதினார். குறிப்புகள் கதையைவிட நீளம். ஒவ்வொரு வரிக்கும் வானியல் காரணம். அவர் இறந்தபின் 1634-ல் மகன் அச்சிட்டார். மேலே ஆவியும் கனவும், கீழே 223 விளக்கங்கள்: இரண்டு வகையும் இன்னும் பிரியாமல் ஒரே பக்கத்தில் இருப்பதை இங்கே பார்க்கலாம்.

பிரிந்து, தான் வேறு என்று வாய்விட்டுச் சொன்ன முதல் நூல் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. பிரிட்டிஷ் எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் 1973-ல் இதை வலுவாக வாதிட்டார். நானும் அவர் கட்சி. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த வீட்டில் மழைக்கு ஒதுங்கி, ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தவர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் வைத்தார்கள். மேரிக்கு அப்போது வயது 18. பைரனின் மருத்துவர் பாலிடோரி எழுதிய ரத்தக்காட்டேரிக் கதை 1819-ல் வந்து, பின்னாளில் டிராகுலா வகைக் கதைகள் அத்தனைக்கும் முன்னோடி ஆயிற்று. மேரி எழுதியதோ ஆய்வகத்தில் செய்யப்பட்ட உயிரைப் பற்றி. ஒரே வீட்டில், ஒரே பந்தயத்தில் இரண்டு பாதைகள்.

அந்த நாளில் இது வெறும் கற்பனையும் இல்லை. இத்தாலியின் போலோன்யாவில் மருத்துவர் கல்வானி மின்சாரத்தால் செத்த தவளையின் காலைத் துடிக்கவைத்து 1791-ல் ஆய்வை வெளியிட்டிருந்தார். அவருடைய சகோதரி மகன் ஆல்டீனி 1803 ஜனவரியில் லண்டனில் தூக்கிலிடப்பட்ட கைதி ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்ச, தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை இறுகியது. உயிருக்கும் பிணத்துக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே என்று படித்தவர்கள் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்த காலம்.

நாவல் 1818 ஜனவரி 1 அன்று ஆசிரியர் பெயரில்லாமல் 500 பிரதிகள் வெளியானது. அதன் முன்னுரையை மேரியின் கணவர் பெர்சி எழுதினார். இதில் வரும் நிகழ்ச்சி நடக்க முடியாதது இல்லை என்று டாக்டர் இராஸ்மஸ் டார்வினும் ஜெர்மன் உடலியலாளர்கள் சிலரும் கருதுகிறார்கள் என்பது முதல் வாக்கியம். கொஞ்சம் தள்ளி, இது வெறும் பேய், மாயக் கதைகளுக்குரிய குறைகளிலிருந்து விலகியது என்கிறார். நான் மேலே இத்தனை பத்தி போட்டுச் சொன்ன வேறுபாடு, அந்த வகைக்குப் பெயர்கூட இல்லாத நாளில், அதன் முதல் நூலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

கதைக்குள்ளும் அதே பிரிவினை நடக்கிறது. உயிரைச் செய்யப்போகும் கதாநாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் சிறுவனாக இருக்கும்போது அக்ரிப்பா, பாராசெல்சஸ் போன்ற பழைய ரசவாதிகளின் நூல்களில் மூழ்கிக் கிடக்கிறான். இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் பேராசிரியர் கிரெம்ப் அதெல்லாம் குப்பை என்கிறார். வால்ட்மன் என்ற மற்றொருவர், பழைய ஆசான்கள் முடியாததை எல்லாம் வாக்களித்தார்கள், ஒன்றும் செய்யவில்லை. இன்றைய வேதியியலார் குறைவாகவே வாக்களிக்கிறார்கள், ஆனால் அற்புதம் செய்கிறார்கள் என்று பேசுகிறார். விக்டரின் தலையெழுத்தை மாற்றுவது அந்தச் சொற்பொழிவுதான். கடைசியில் கப்பல் தலைவன் வால்டன் உயிர் கொடுக்கும் ரகசியத்தைக் கேட்கும்போது விக்டர் சொல்ல மறுக்கிறான். சொன்னால் இன்னொருவரும் செய்துவிட முடியும். கிரிஃபினின் குறிப்பேடு இங்கே 79 ஆண்டு முன்னதாகவே இருக்கிறது.

உயிர் வரும் அந்த நொடியை மட்டும் மேரி மூடிமறைத்துவிடுகிறார். நவம்பர் இரவு, கருவிகள், ஒரு உயிர்ப்பொறி, அவ்வளவுதான். வெல்ஸ் 1930-களில் தன் நாவல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் இதைக் குறையாகச் சொல்கிறார், அது ஏதோ மந்திர வித்தை போலிருக்கிறது என்று. தன் உத்தியையும் அங்கே திறந்து சொல்கிறார்: பிசாசையோ மந்திரவாதியையோ வரவழைப்பதற்குப் பதிலாக அறிவியல் பேச்சைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினேன், எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எதிலும் சுவை இருக்காது, அதனால் கதைக்கு ஒரே அற்புதம்.

இந்த வெளிப்படையான பேச்சு பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்னுக்குப் பிடித்திருக்காது. 1903-ல் கொடுத்த பேட்டியில் வெர்ன், நான் பீரங்கிக் குண்டில் சந்திரனுக்குப் போகிறேன், அதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. வெல்ஸோ ஈர்ப்பு விசையைத் தடுக்கும் உலோகத்தைச் செய்து அதில் போகிறார், அந்த உலோகத்தைக் காட்டட்டும் என்றார். வெர்னின் 1865 நாவலில் பீரங்கியின் நீளம் 900 அடி, இடம் புளோரிடா, உள்ளே மூன்று பேர், அதிர்ச்சி தாங்கத் தண்ணீர்த் தடுப்பு. நாமே கணக்குப் போடலாம். 900 அடி என்பது ஏறத்தாழ 275 மீட்டர். அதற்குள் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் எட்ட வேண்டுமானால் முடுக்கம் பூமியின் ஈர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கு மேல். மூவரும் குழாயைத் தாண்டும் முன்பே கூழாகியிருப்பார்கள். வெர்னின் பீரங்கியும் வெல்ஸின் உலோகமும் சமமாகவே நடக்காதவை. ஆனால் வெர்ன் அளவு கொடுத்தார், எடை கொடுத்தார், நாம் சரிபார்க்க இடம் கொடுத்தார். மேதமை வெல்ஸிடம் அதிகம் என்றாலும், அந்த நாணயத்துக்காக வெர்னைக் கைவிட எனக்கு மனம் வராது.

இந்தியாவும் இந்தக் கதையில் பின்வாங்கி நிற்கவில்லை. கைலாஷ் சந்திர தத் 1835-லேயே 1945-ஆம் ஆண்டில் நடக்கும் எழுச்சியைக் கற்பனை செய்து ஆங்கிலத்தில் எழுதினார். இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் 1896-ல் வங்காளத்தில், சீறிவரும் புயலைத் தலைக்குத் தடவும் தைலம் அடக்குவதாக ஒரு கதை எழுதினார். எண்ணெய் பட்டால் நீர்ப்பரப்பு அமைதியாகும் என்பது அதன் அடிப்படை. என் மனத்துக்கு நெருக்கமானது ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. அது 1905-ல் வெளியானது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். பெண்கள் ஆளும் நாடு; ஆண்கள் உள்ளறைகளில். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்கும் பலூனைச் செய்கிறது, மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்தவர்களை அந்தச் சூரியக் கதிரைத் திருப்பி ஓடவைக்கிறார்கள். தேவதை வந்து பெண்களை விடுவித்திருந்தால் அது ஆசைக்கதையாக நின்றிருக்கும். ரொக்கேயா பல்கலைக்கழகத்தையும் கருவியையும் வைத்தார். பூட்டிவைத்திருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எவ்வளவு பலவீனம் என்று அதனால்தான் தெரிகிறது.

பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்தது அமெரிக்கா. லக்சம்பர்கில் பிறந்து நியூயார்க்கில் வானொலிப் பாகங்கள் விற்ற ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார், விலை 25 சென்ட். முதல் இதழில் வெர்ன், வெல்ஸ், எட்கர் ஆலன் போ மூவரையும் மறுபதிப்புச் செய்து, இவர்கள்தான் முன்னோர் என்று வம்சாவளி வகுத்தார். அவர் செய்ததில் பெரிய காரியம், என் கணிப்பில், வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. கதையில் தப்பு கண்டுபிடிப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு லாரி நிவன் சாட்சி. சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றி மாபெரும் வளையமாகக் கட்டப்பட்ட உலகத்தை அவர் 1970-ல் நாவலாக எழுதினார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டில், அங்கே பக்கத்திலிருக்கும் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் அந்த வளையம் நிலையாக நிற்காது என்று கூடங்களில் கோஷம் போட்டார்கள். கணக்கு சரிதான், சற்றே நகர்ந்தாலும் வளையம் விண்மீனில் போய் மோதிவிடும். நிவன் அதன் தொடர்ச்சியாக எழுதிய நாவலில் வளையத்தை நிறுத்திவைக்க உந்து இயந்திரங்களைப் பொருத்தினார்.

ஃபேன்டஸி ஆதிகாலத்தது, அறிவியல் புனைகதை நேற்றைய குழந்தை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். புராணம் ஆதிகாலத்தது. ஆனால் நம்பிக்கை தளர்ந்த காலத்தில், இது நம் உலகமல்ல என்று தெரிந்தே படைக்கப்படும் மாய உலக நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ஜார்ஜ் மெக்டொனால்ட் 1858-ல், வில்லியம் மோரிஸ் 1890-களில், டன்சனி பிரபுவின் கதைகள் 1905-ல், டோல்கீனின் பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55-ல். புத்தகக் கடையில் தனி அலமாரியாக அது நிலைத்தது 1969-ல் பேலன்டைன் பதிப்பகம் பெரியவர்களுக்கான ஃபேன்டஸி வரிசையைத் தொடங்கிய பிறகு. உலகம் விதிகளால் இயங்குகிறது என்று உறுதியானபோது, அந்த விதிகளோடு விளையாடப் போனது ஒன்று, விதிகள் பறித்துக்கொண்டதை மீட்கப் போனது மற்றொன்று. வயதில் இரண்டும் உடன்பிறப்புகள்தான். கேம்ப்பெல்லே 1939 முதல் 1943 வரை அஸ்டௌண்டிங்கோடு சேர்த்து 'அன்நோன்' என்ற ஃபேன்டஸி இதழையும் நடத்தினார். ஒரே மேசைக்கு வந்த கதைகள் இரண்டு இதழ்களுக்குப் பிரிந்து போயின.

முன்னேறிய தொழில்நுட்பம் மாயத்திலிருந்து பிரித்தறிய முடியாதது என்று ஆர்தர் சி. கிளார்க் சொன்னாரே என்று கேட்பார்கள். சொன்னார். பார்க்கிறவருக்குப் பிரித்தறிய முடியாது என்பதுதான் அதன் பொருள். எழுதுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மனத்தில் வைத்து 1979-ல் எழுதிய நாவலில் பூமியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி கட்டுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் அது திரிசங்கு சொர்க்கம்தான். கிட்டப் போனால் இழையின் வலிமை, காற்றின் வேகம், எதிர் எடை எல்லாம் பேசப்படும். இலங்கையின் இடத்தைக்கூட நிலநடுக்கோட்டுக்குத் தள்ளிவைத்துக்கொண்டார். மின்தூக்கிக்கு அடித்தளம் அங்கேதான் பொருந்தும் என்பதால்.

படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபிராங்கன்ஸ்டைனை 1818 பதிப்பில் படியுங்கள். மேரி 1831-ல் திருத்தியபோது விதியின் கை அதிகமாகிவிட்டது; விக்டர் தானாக முடிவெடுப்பது குறைந்து, ஏதோ சக்தி இழுத்துப்போவது போல் ஆகிறான். ஆனால் ஜெனீவா ஏரிக்கரை இரவுகளைப் பற்றி மேரியே எழுதிய முன்னுரை 1831 பதிப்பில்தான் முதலில் வந்தது. நல்ல 1818 பதிப்புகள் பலவற்றில் அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிரதியாகப் பார்த்து வாங்குங்கள்.